நூற்றிருபத்தேழு பல்

தாராவியில் தளவாய் வீட்டில் லேத் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள், கனகவள்ளியைப் பார்த்ததும் முதலில் கேட்பது "டர்னர் இல்லையா?" என்பதுதான்.

"இந்தா நிக்கேன்லா. என்ன வேணும்?" என்பாள் அவள்.

சேலைக்கு மேலே புருஷனின் பழைய காக்கிச் சட்டை போட்டிருப்பாள். கொண்டையை ஒரு துணியால் இறுகக் கட்டியிருப்பாள். வளையல்கள் சுவரில் ஒரு ஆணியில் தொங்கும். ஓடுகிற மெஷினுக்கு முன்னால் உடம்பில் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். வந்தவர் தயங்கினால், "சாயங்காலம் அவிய வருவாவ. ஆனா அவியளும் இதையேதான் செய்வாவ. அதுக்குள்ள நான் முடிச்சிருவேன்" என்பாள். பெரும்பாலானவர்கள் சாமானைக் கொடுத்துவிட்டே போனார்கள்.

அவளுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தபோது லேத் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. புருஷன் தளவாய் மாட்டுங்காவில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் டர்னர், லேத்தில் இரும்பைக் கடைகிறவன். ஒரு மில்லில் பழைய மெஷின்களைக் கழித்தபோது, இங்கிலாந்தில் செய்த லேத் ஒன்றை வாங்கிவந்து வீட்டின் முன்பாதியில் நிறுத்தினான். காலையில் சங்கு ஊதுவதற்கு முன் வேலைக்குப் போய்விடுவான். சாயங்காலம் வந்து இரண்டு மூன்று மணி நேரம் வெளிவேலை செய்வான். பகல் முழுவதும் மெஷின் சும்மா நின்றது. சும்மா நிற்கிற எதையும் கனகவள்ளிக்குப் பிடிக்காது. முதலில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினாள். பிறகு எண்ணெய் விட்டாள். பிறகு, புருஷன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒரு துண்டுக் கம்பியை மாட்டிக் கடைந்து பார்த்தாள். ஒரு சாயங்காலம் தளவாய் வந்தபோது, அவன் செய்யவேண்டிய புஷ் வளையங்கள் பலகையில் வரிசையாக இருந்தன. கேஜை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தான். மறுநாள் போகும்போது, "அந்தச் செம்பூர் வேலையையும் நீயே பாத்திரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செம்பூர் வேலை என்றால் ஜெயினுலாப்தீன் பாயின் லாரி கராஜ். எண்ணெய் டிரம் ஏற்றுகிற லாரிகள் அவருக்கு இருந்தன. எல்லாம் பழைய இங்கிலீஷ் வண்டிகள். அவற்றுக்கு வேண்டிய போல்ட் நட்டெல்லாம் இஞ்சுக் கணக்கு. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இரண்டரை நூல் போல்ட், மூணு நூல் போல்ட், நாலு நூல் போல்ட் என்று கேட்பார்கள். கனகவள்ளி கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அவள் லேத்தின் உள்ளே, போல்ட்டைச் சுற்றி ஓடுகிற மரையை வெட்ட உளி பொருத்திய சட்டத்தை இழுத்துக்கொண்டு போகிற பெரிய திருகும் இஞ்சுக் கணக்குத்தான். இரண்டுக்கும் ஒத்துப்போயிற்று.

அறுபத்தைந்தாம் வருஷம் பாய் இரண்டு புது லாரி வாங்கினார். இந்தியாவிலேயே செய்தது, ஆனால் ஜெர்மன் அமைப்பு. அதில் எல்லாமே மில்லிமீட்டர்.

கராஜில் அப்போது பெரிய மெக்கானிக் அய்யாத்துரை. தளவாயின் ஊர்க்காரன், சிரித்த முகம், தன் கையின்மேல் ரொம்ப நம்பிக்கை உள்ளவன். புது வண்டி வந்ததும் மற்றவர்கள் திணறினார்கள். போல்ட்டைத் திருகுகிற அரை இஞ்சு சாக்கெட் பதிமூணு மில்லிமீட்டர்த் தலையில் ஏறாது. பதிமூணு சாக்கெட்டை அரை இஞ்சுத் தலையில் போட்டால் ஆடும்; பலமாக இழுத்தால் தலையின் மூலைகள் மழுங்கிப் போல்ட் உருண்டையாகிவிடும். அய்யாத்துரை ஒரு வாரம் எல்லா சாக்கெட்டையும் எல்லாத் தலையிலும் போட்டுப் பார்த்து, எது எதற்குச் சேரும் என்று பிடித்துவிட்டான். முக்கால் இஞ்சும் பத்தொன்பதும் அண்ணன் தம்பி. இரண்டரை நூல் சாக்கெட்டுக்கு எட்டு சேரும். ஐந்து நூலுக்குப் பதினாறு சேரும், கொஞ்சம் தட்டி ஏற்றவேண்டும். பத்துக்கும் மூணு நூலுக்கும் ஆகவே ஆகாது. சேருகிற சாக்கெட்டுகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்தான். கோவண்டியிலிருந்துகூட மற்ற கராஜ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பெருமையோடுதான் அவன் ஒருநாள் கனகவள்ளியிடம் வந்தான்.

"மதினி, புது வண்டிக்குப் பதினேழு நம்பர் போல்ட்டு எட்டு வேணும். பின்சக்கரத்தச் சுத்த வைக்கிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு. நாளைக்கு வண்டி லோடுக்குப் போணும்."

"மாதிரி கொண்டாந்தியா?"

"பழசெல்லாம் எவனோ அள்ளிக் காய்லான் கடையில போட்டுட்டான். நீளம் இம்புட்டு." விரலால் காட்டினான். "இந்தா ஸ்பானர். இது தலையில கச்சுன்னு உக்காந்தா போதும்."

கனகவள்ளி அந்தப் பதினேழு ஸ்பானரை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பருமனுள்ள தலைக்கு அவள் எப்போதும் போடுவது மூணு நூல் மரைதான். அதையே போட்டாள். தலையை மட்டும் ஸ்பானருக்குச் சரியாக அரத்தால் இழைத்துக் கொடுத்தாள். எட்டும் பளபளவென்று இருந்தன. ஸ்பானர் கச்சென்று உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அய்யாத்துரை திரும்ப வந்தான். கையில் ஒரு கந்தல் மூட்டை. சிரிப்பு இல்லை.

"மதினி, ஷாஃப்ட்டு கழண்டு விழுந்துட்டு. சயன் ரோட்டுல. முன்முனை தார்ல குத்தி வண்டி ஒருச்சாஞ்சு கெடக்கு."

கனகவள்ளி மெஷினை நிறுத்தினாள். "வண்டிய விடு. ஓட்டுனவனுக்கு என்ன?"

"பூலோகந்தான் ஓட்டுனான். தோள்பட்ட எலும்பு முறிஞ்சிட்டு. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில கெடக்கான்."

அவள் கவிழ்த்துப்போட்ட டின்மேல் உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி மூட்டையை வாங்கிப் பிரித்தாள். அவள் செய்த போல்ட்டுகளில் ஐந்து இருந்தன. ஒன்றுகூட முறியவில்லை. ஆனால் மரையின் முகடுகள் மேலிருந்து கீழ்வரை வழித்தெடுத்ததுபோல நசுங்கியிருந்தன.

"இதுக்குப் போட்ட நட்டு எங்க?"

அய்யாத்துரை சட்டைப் பையிலிருந்து வண்டியின் சொந்த நட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஸ்பானருக்குப் பதினேழு என்றாலும், மரைக்குப் பத்து மில்லிமீட்டர் நட்டு. அவள் பலகையில் மிச்சமிருந்த ஒரு மூணு நூல் போல்ட்டில் அதை ஏற்றினாள். விரலால் சுண்டியதும் சுற்றிக்கொண்டு இறங்கியது. பிடித்து ஆட்டினாள். கிலுகிலுப்பை மாதிரி ஆடிற்று.

"போடும்போது ஆடினது தெரியலியா?"

"தெரிஞ்சுது. ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குனேன், நின்னுட்டு. தலை சரியா இருந்துச்சே, மதினி. தலை சரின்னா எல்லாம் சரின்னு நெனச்சேன்."

"தலை ஸ்பானருக்குப் பதில் சொல்லும். நட்டுக்கு மரைதான் பதில் சொல்லணும்," என்றாள் கனகவள்ளி. "நீ ஸ்பானரக் குடுத்த, நட்டக் குடுக்கல. நான் ஸ்பானர வாங்கினேன், நட்ட எங்கன்னு கேக்கல. ரெண்டு பேருந்தான். எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, வளையலைக்கூடப் போடாமல் கிளம்பினாள்.

வார்டில் பூலோகம் மார்போடு கட்டுப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி பேராச்சி. கோவண்டியிலிருந்து கட்டின சேலையோடு ஓடிவந்திருந்தாள். கனகவள்ளியை யாரென்று அவளுக்குத் தெரியாது. விசாரிக்க வந்த யாரோ என்று நினைத்து, தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இரும்பு செய்யிறானாம் இரும்பு. செஞ்சவன் கையில அந்த ஷாஃப்ட்டு விழுந்திருக்கணும்."

"செஞ்சது நாந்தான்," என்றாள் கனகவள்ளி.

பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள். அய்யாத்துரை குறுக்கே ஏதோ சொல்ல வந்தான். கனகவள்ளி கையைக் காட்டி நிறுத்தினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவனையும் விட்டுவைக்கவில்லை, தன்னையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேராச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசியது பூலோகம்தான்.

"அப்ப மில்லிமீட்டர் போல்ட்ட யாரு செய்வா? கடையில கேட்டா கம்பெனியில எழுதிப்போடணும், ரெண்டு மாசம் ஆகும்கான். அதுவர ஒவ்வொருத்தனும் எதையாவது போட்டு முறுக்கத்தான் செய்வான்."

"நான் செய்யிதேன்."

"சரியா இருக்குமா?" என்று கேட்டாள் பேராச்சி.

"சரியா இருக்கும்."

"அப்படின்னா, அதப் போட்டு ஓட்டுற மொத நாளு நீயும் வண்டியில ஏறி உக்காரு."

"உக்காருதேன்," என்றாள் கனகவள்ளி.

சாயங்காலம் தளவாய் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏட்டி, நீ பாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்துட்ட. நம்ம லேத்து திருகு இஞ்சு. அதுல என்ன பல்சக்கரத்த மாத்திப் போட்டாலும் இஞ்சு மரைதான் வரும். மில்லிமீட்டர் மரை வரணும்னா நூத்தியிருபத்தேழு பல்லு உள்ள சக்கரம் ஒண்ணு நடுவுல வேணும். எங்க ஒர்க்ஷாப்புல புது மெஷினோட வந்திருக்கு. வெளிய எங்கயும் கெடையாது."

"அது என்ன கணக்கு, நூத்தியிருபத்தேழு?"

"அது எனக்கு என்ன தெரியும்? அப்படித்தான் வருது."

ஒர்க்ஷாப்பில் கூட வேலை பார்க்கிற ஒருவன், சக்கரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சாப்பாட்டு டப்பாப் பையில் வைத்து வெளியே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தான். தளவாய் அதையும் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அது வேண்டாம். திருட்டுச் சக்கரத்துல செஞ்ச போல்ட்டு மேல நான் எப்படித் தைரியமா உக்காருவேன்?" என்றாள்.

வீட்டில் அறுபத்துமூன்று பல் சக்கரம் ஒன்று இருந்தது. நூற்றிருபத்தேழில் பாதிக்குக் கிட்டத்தட்ட வருகிறது என்று தளவாய் அதை மாட்டிப் பார்த்தான். மரை வந்தது. பார்வைக்கு நன்றாகவும் இருந்தது. நட்டை ஏற்றினால், அதன் முழு உயரமும் போல்ட்டின்மேல் ஏறுவதற்குள் இறுகி நின்றது.

"கொஞ்சம் தளர்வா வெட்டினா போயிரும்," என்றான்.

"தளர்வா வெட்டினா மறுபடி கிலுகிலுப்பதான். கிட்டத்தட்டங்கிற பேச்சே இனி வேண்டாம்."

பாய் கராஜிலிருந்து ஆள் வந்தது: அடுத்த வேலையை வேறு லேத்தில் கொடுத்துக்கொள்கிறார்களாம். கனகவள்ளி நேராகச் செம்பூருக்கு பஸ் ஏறினாள். ஜெயினுலாப்தீன் பாய் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, உன் மேல கோவம் இல்ல. ஆனா வண்டி ஓட்டுறவங்க பயப்படுறாங்க."

"வேற எடத்துல குடுங்க அண்ணாச்சி, தப்பில்ல. ஆனா நட்டக் கையில குடுத்து வாங்கச் சொல்லுங்க. எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க, சரியான போல்ட்ட நான் கொண்டாருதேன். பிடிச்சா எடுங்க."

பாய் தலையை ஆட்டினார். "சரி, கொண்டா. பாக்கேன்," என்றார்.

நூற்றிருபத்தேழு ஏன் என்பதற்கு விடை, பக்கத்து வீட்டு நூர் நிஷாவிடம் கிடைத்தது. நூர் நிஷா ரவிக்கை தைப்பவள். கனகவள்ளிக்கு ஒரு ரவிக்கை தைக்க, கையைத் தூக்கி நிற்கச்சொல்லி அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அளவு நாடாவின் ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். நூர் நிஷா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"துணிக்கடையில மீட்டர்ல கிழிக்கிறான், அக்கா. வர்றவங்க இஞ்சுல சொல்றாங்க. நடுவுல நான் மாட்டிக்கிறேன். ரெண்டு பக்கத்துக் கோடும் எங்கயுமே சேர்ந்து வராது."

"எங்கயுமேவா?"

"எங்க வருது? பத்து இஞ்சுக்கு இருபத்தஞ்சு சொச்சம். இருபதுக்கு அம்பது சொச்சம். எப்பவும் ஒரு சொச்சம்."

கனகவள்ளி கையை இறக்கிவிட்டாள். நாடாவை வாங்கித் தரையில் விரித்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு இஞ்சுக் கோட்டிலும் ஒரு குண்டூசியைக் குத்தி, மறுபக்கம் அது எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். சொச்சம், சொச்சம், சொச்சம். ஐம்பதாவது இஞ்சில் குத்தினாள். திருப்பினாள். ஊசி முனை ஒரு சென்டிமீட்டர்க் கோட்டின்மேல் சரியாக வந்து நின்றிருந்தது.

நூற்றிருபத்தேழு.

"நிஷா, இங்க பாரு. இங்கதான் ரெண்டும் சேருது," என்றாள். குரல் மெல்லத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் தளவாய் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாடாவை அவன் முன்னால் நீட்டினாள். ஐம்பது இஞ்சும் நூற்றிருபத்தேழு சென்டிமீட்டரும் ஒரே நீளம். அதில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால், ஐந்து இஞ்சுக்கு நூற்றிருபத்தேழு மில்லிமீட்டர். இஞ்சும் மில்லிமீட்டரும் சொச்சம் இல்லாமல் சந்திக்கிற இடம் அது. அதனால்தான் சக்கரத்துக்கு அத்தனை பல். தளவாய் நாடாவைக் கையில் வாங்கி, தானும் ஒரு தடவை ஊசி குத்திப் பார்த்தான்.

"சரிதான். ஆனா சக்கரத்த யாரு வெட்டுறது? வட்டத்த நூத்தியிருபத்தேழாப் பிரிக்கணுமே. பாதி பாதியா மடிச்சுப் பிரிக்க முடியாத எண்ணு அது."

"நாம எதுக்குப் பிரிக்கணும்? நாடாவுலதான் பிரிச்சு வச்சிருக்கானே. சரியா நூத்தியிருபத்தேழு சென்டிமீட்டர் சுத்தளவு வர்ற மாதிரி ஒரு வட்டம் செஞ்சு, அதுமேல நாடாவச் சுத்துவோம். ஒரு கோட்டுக்கு ஒரு பல்லு."

துணி நாடா இழுபடும் என்று தளவாய் சொன்னான். அது நியாயம் என்று அவளுக்கும் பட்டது. கடையில் போய் இரும்பு நாடா ஒன்று வாங்கிவந்தார்கள். அதன் நுனிக் கொக்கி கொஞ்சம் ஆடியதால், முனையை நம்பாமல், பத்தாம் கோட்டிலிருந்து நூற்றுமுப்பத்தேழாம் கோடு வரைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

வட்டத்தைத் தேக்குப் பலகையில் கடைந்தார்கள். இரும்பு நாடாவைச் சுற்றினால் பத்தாம் கோடும் நூற்றுமுப்பத்தேழாம் கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்வரை சீவிச் சீவிக் குறைத்தார்கள். அந்த வட்டத்தை லேத்தில் சுழல்கிற தண்டான கதிரின் பின்முனையிலும், பல் வெட்டவேண்டிய வார்ப்பிரும்புத் தட்டை முன்முனையிலும் பொருத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. நூர் நிஷா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கே அசையாமல் பொருத்திய ஊசி முனைக்கு நேராக நாடாவின் கோடு வந்ததும் எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். தளவாய் கதிர் அசையாமல் பூட்டுவான். கனகவள்ளி கைச்சக்கரத்தால் உளியை முன்னும் பின்னும் ஓட்டி, இழைப்புளியில் இழைப்பதுபோல ஒரு பல்லுக்கான பள்ளத்தைச் செதுக்குவாள். மோட்டாரை ஓட்டவே இல்லை. எல்லாம் கைபலம். சாயங்காலத்துக்குள் முப்பது நாற்பது பல் வந்தது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் மழை, சந்தில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் சுவரெல்லாம் ஈரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்குமுன் கனகவள்ளி நாடா சேருகிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டு கோடும் விலகியிருந்தன. மரம் ஊதியிருந்தது.

"ஒரு மயிரிழதான். விடு," என்றான் தளவாய்.

"அந்த மயிரிழ எந்தப் பல்லுல போய் உக்காரும்னு சொல்லுங்க, விட்டுருதேன்."

அவள் தேக்கு வட்டத்தைக் கழற்றி மூலையில் சாய்த்தாள். அரைகுறையாகப் பல் வெட்டிய தட்டையும் அதன்மேல் வைத்தாள். தளவாய்க்கு அதைப் பார்க்கவே மனம் வரவில்லை. வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கனகவள்ளியும் கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கை வலித்தது. பிறகு உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டாள்.

டீயைக் குடித்துக்கொண்டே நூர் நிஷாதான் கேட்டாள்: "மழைக்கு ஊதாத வட்டம் ஏதும் இல்லையா, அக்கா? இரும்புல?"

அவ்வளவு பெரிய இரும்பு வட்டம் எங்கே கிடைக்கும் என்று தளவாய் சொல்லி முடிப்பதற்குள் கனகவள்ளிக்குப் பாய் கராஜ் நினைவுக்கு வந்தது. லாரியின் பின்சக்கர பிரேக் டிரம். மறுநாளே அய்யாத்துரைக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வெடிப்புவிட்ட டிரம் ஒன்றைக் கைவண்டியில் ஏற்றி, செம்பூரிலிருந்து மழையில் தானே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்தவன் போகவில்லை.

"நானும் நிக்கேன், மதினி. கைச்சக்கரம் சுத்த ஆள் வேணும்லா," என்றான்.

டிரம்மின் வெளிப்பக்கத்தைக் கடைந்து, நாடாவின் கோடுகள் சேரும்வரை குறைத்தார்கள். மழை பெய்தது, டிரம் ஊதவில்லை. புதுத் தட்டை மாட்டி, முதல் பல்லிலிருந்து நான்கு பேரும் மாற்றி மாற்றி உழைத்தார்கள். கடைசிப் பள்ளத்தை வெட்டுகிற நேரம் வந்தபோது எல்லாரும் மெஷினைச் சுற்றிக் குனிந்தார்கள். சக்கரத்தில் பிழை இருந்தால் அது கடைசிப் பல்லில்தான் தெரியும். மெலிந்தோ தடித்தோ நிற்கும். கனகவள்ளி வெட்டி முடித்து, தூளை ஊதிவிட்டு, கடைசிப் பல்லையும் முதல் பல்லையும் விரலால் தடவினாள். அப்புறம் கேஜை வைத்தாள்.

"மத்ததெல்லாம் எப்படியோ அப்படித்தான் இதுவும்," என்றாள்.

தளவாய் சக்கரத்தை மாட்டி, முதல் பத்து மில்லிமீட்டர் போல்ட்டை வெட்டும் வேலையை அவளிடமே விட்டான். வெட்டி முடித்து, எண்ணெய் துடைத்து, சாய்ந்த வண்டியிலிருந்து வந்த அந்த நட்டை நுனியில் வைத்தாள். ஆடவில்லை. இறுகவும் இல்லை. விரலால் சுற்றச் சுற்ற, ஒரே சீராக அடிவரை இறங்கியது. நூர் நிஷா அதைக் கழற்றித் தானும் ஒருமுறை ஏற்றிப் பார்த்தாள். அய்யாத்துரை வாங்கி ஏற்றினான். அப்படியே அது நாலு கையிலும் சுற்றி வந்தது.

பூலோகத்துக்குத் தோள் கூடி, மறுபடி வண்டி எடுக்கிற நாள் வந்தது. பாயின் கராஜில் அய்யாத்துரை புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குப் புதுப் போல்ட்டுகளைப் போட்டு முறுக்கினான். முறுக்குவதற்கு முன் ஒவ்வொரு நட்டையும் கையால் அடிவரை ஓட்டிப் பார்த்தான். வண்டியில் முழு லோடு. கனகவள்ளி நல்ல சேலை கட்டி, வளையல் போட்டு, பூ வைத்து வந்திருந்தாள். பேராச்சியும் வந்திருந்தாள்.

"நீ சொன்னபடி வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கனகவள்ளி ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேராச்சி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவளும் ஏறினாள். "தள்ளி உக்காரு. நானும் வாரேன்."

பூலோகம் வண்டியை எடுத்தான். சயன் ரோட்டில், முன்பு வண்டி சாய்ந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முலுண்ட் தாண்டி, தாணா வரைக்கும் போய் லோடு இறக்கிவிட்டு, அங்கே ஒரு கடையில் மூன்று பேரும் பூரி சாப்பிட்டார்கள். அய்யாத்துரை சொல்லி அனுப்பியிருந்தபடி பூலோகம் வண்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தான். எதுவும் அசைந்திருக்கவில்லை. திரும்பும்போது பேராச்சி கனகவள்ளியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பாய் தன் வேலையைத் திரும்பக் கொடுத்தார். கோவண்டி, குர்லா கராஜ்காரர்களும் வந்தார்கள். கனகவள்ளி வைத்த சட்டம் ஒன்றுதான்: நட்டு இல்லாமல் வந்தால் போல்ட் கிடையாது. "பதினேழு நம்பர் குடுங்க" என்று கேட்டவர்களை, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், திருப்பி அனுப்பினாள். மில்லிமீட்டர்ப் போல்ட்டின் தலையில் உளியால் ஒரு சிறு கோடு போட்டுக் கொடுத்தாள். இஞ்சுப் போல்ட்டின் தலை மொட்டையாக இருக்கும். அய்யாத்துரை கராஜில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தான்.

இரண்டு வருஷம் கழித்து, அடுத்த சந்தில் லேத் வைத்திருந்த கரீம் பாட்சா ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். அவருக்கும் பழைய இஞ்சு லேத்துதான். அந்தச் சக்கரத்தை இரண்டு நாள் இரவல் தரமுடியுமா என்று கேட்டார். தளவாய் அவளை உள்ளே கூப்பிட்டான்.

"ஏட்டி, அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. அதையும் குடுத்தா நம்மகிட்ட எவன் வருவான்?"

"குடுக்காட்டா அவரு என்ன செய்வாரு? கிட்டத்தட்டன்னு ஒண்ண வெட்டி விப்பாரு. அந்த வண்டிக்குப் பின்னால ரோட்டுல போறது யாருன்னு நமக்குத் தெரியுமா?"

அவள் வெளியே வந்தாள். ஆனால் சக்கரத்தைக் கொடுக்கவில்லை.

"பாட்சா அண்ணாச்சி, இரவல் எதுக்கு? ரெண்டு நாள்ல திருப்பிக் குடுக்கணும், மறுபடி வேணும்னா மறுபடி வரணும். ஒரு பிரேக் டிரம்மு கொண்டாங்க. ஞாயித்துக்கிழம லீவுதானே, எல்லாரும் சேந்து உங்களுக்குன்னு ஒண்ணு வெட்டிருவோம்."

டிரம் எவ்வளவு பெரிசாக இருக்கவேண்டும் என்று கரீம் பாட்சா கேட்டார். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவர் அந்த அளவைத் தன் கையால் பிடித்து வைத்துக்கொண்டு, கைகளை அப்படியே விரித்தபடி, சந்தில் எதிரே வந்தவர்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு போனார்.